கைத்தாங்கல் ஒயர்

ஒயர்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் ஒரே ஆள்தான். வண்டியில் லைட் எரியவில்லை, ஹாரன் கத்தவில்லை, சாவியைத் திருகினால் மூச்சுப் பேச்சில்லை என்றால், எல்லோரும் அவருடைய ஷெட்டுக்குத்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட உறையில் "ஒயர்காரர் குடும்பத்தினர்" என்றுதான் எழுதுவார்கள்.

தகரக் கூரை போட்ட ஷெட். இரண்டு வண்டி நிற்கலாம், மூன்றாவது வந்தால் பாதி தெருவில் நிற்கும். சுவரில் ஆணியடித்து, நிறம் நிறமாக ஒயர் தொங்கும். அதற்குக் கீழே ஒரு பலகை, பலகையில் பிஸ்கட் டப்பாக்களின் மூடிகள் வரிசையாக இருக்கும். ஒரு வண்டிக்கு ஒரு மூடி என்பது அவருடைய கணக்கு. அந்த வண்டியில் கழற்றிய போல்ட், புதிதாகப் போட வேண்டிய வாஷர் எல்லாம் அந்த மூடியில்தான் கிடக்கும். வண்டி வெளியே போகும்போது மூடி காலியாக இருக்க வேண்டும். மூடியில் எதுவும் மிச்சம் இருந்தால் வண்டி வாசல் தாண்டக் கூடாது. இருபத்தாறு வருஷமாக இந்தச் சட்டத்தை அவர் மீறியதில்லை. ஒரே ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவையைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அவரிடம் இன்னொரு சாமான் உண்டு. இரண்டு முனையிலும் பல் வைத்த கிளிப் மாட்டிய ஒரு நீளமான கறுப்பு ஒயர். அதற்கு அவர் வைத்த பெயர் கைத்தாங்கல். லைட் எரியவில்லை என்றால், பாதி நேரம் கரண்ட் வராததால் இல்லை, வந்த கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாததால்தான். எர்த் சரியில்லை என்பார்கள் அதை. கைத்தாங்கலின் ஒரு முனையை எர்த் ஒயரிலும் மறுமுனையைச் சுத்தமான இரும்பிலும் கடிக்க விட்டால், சாகக் கிடந்த லைட்கூடப் பளிச்சென்று எழுந்து உட்காரும். நோய் எங்கே என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அது வைத்தியம் இல்லை. கிளிப்பை எடுத்தால் லைட் மறுபடி படுத்துவிடும்.

அதனால்தான் அவருடைய மனைவி ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பிரேக் லைட் பார்க்க இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று பார்க்க. மிதிக்கிறவள் அவள். அடுப்பில் எது கிடந்தாலும் அணைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து ஏறி உட்காருவாள்.

"எரியுதா?"

"எரியுது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"எரியுதுடி, கண்ணு எனக்கு இன்னும் அவியல."

"கைத்தாங்கல எடுத்தாச்சா?"

எடுக்கவில்லை என்றால் எடுத்துவிட்டு இரண்டாவது சுற்று. மறுபடி மிதி, மறுபடி எரியுதா, மறுபடி நல்லாப் பாத்துச் சொல்லுங்க. காத்திருக்கிற வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். "அக்கா, எங்க ஆபீஸ் மேனேஜர் தேவல" என்பார்கள். அவள் காதில் வாங்க மாட்டாள். அவள் இறங்கினால்தான் வண்டி தேறியது என்று அர்த்தம்.

நாற்காலிக்காரனின் பிக்கப் வந்த அன்று அவள் ஊரில் இல்லை. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஒரு வாரம் போயிருந்தாள்.

நாற்காலிக்காரன் விசேஷங்களுக்கு நாற்காலி மேஜை வாடகைக்கு விடுகிறவன். வாய் ஓயாத ஆள், நல்ல மனசு. பிக்கப்பில் மேஜை, பின்னால் மாட்டிய ட்ரெய்லரில் நாற்காலி, மேலே தார்ப்பாய். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வீடே நகர்ந்து போவது போல இருக்கும்.

"அண்ணே, ட்ரெய்லர் லைட்டுக்குப் பேய் புடிச்சிருக்கு. லெப்ட் இண்டிகேட்டர் போட்டா, பிரேக் லைட்டும் சேந்து மினுக் மினுக்குங்குது. பிரேக்க மிதிச்சா எல்லாமே மங்குது. மந்திரிக்கணுமா, இல்ல நீங்களே பாத்துடுவீங்களா?"

"விட்டுட்டுப் போ. பேய நான் பாத்துக்கறேன்."

பார்த்தார். பிக்கப்பின் பின்னால் இருக்கும் சாக்கெட்டில் டெஸ்ட் லைட்டை வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டார். எல்லாம் ஒழுங்கு. ஆக, வண்டி நல்லது, கோளாறு ட்ரெய்லரில். கீழே படுத்து நுழைந்தார். ட்ரெய்லரின் வெள்ளை எர்த் ஒயர் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டியிருந்த இடம் துருவேறி உதிர்ந்து கிடந்தது. விரலால் தொட்டதும் போல்ட் கையோடு வந்துவிட்டது. அவ்வளவுதான் பேய்.

துருப்பிடித்த முனையை வெட்டினார். புதிய வளையம் வைத்து நசுக்கினார். பழைய ஓட்டை பாழ், பக்கத்திலேயே புதிதாகத் துளை போட வேண்டும். டிரில்லை எடுத்தால் அதில் சார்ஜ் இல்லை. சார்ஜில் போட்டுவிட்டு, புது போல்ட்டையும் இரண்டு வாஷரையும் மூடியில் எடுத்து வைத்தார். அது ஏறுவதற்குள் மற்றதைப் பார்த்துவிடலாம் என்று கைத்தாங்கலை மாட்டினார், ஒரு கிளிப் வளையத்தில், ஒரு கிளிப் சட்டத்தில். மிதிக்க ஆள் இல்லை. ஒரு கட்டையை சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தார். பின்னால் வந்து பார்த்தால், அடேயப்பா, ரத்தச் சிவப்பில் இரண்டு லைட்டும் எரிந்தன.

சரியாக அந்த நேரத்தில் வந்து நின்றான் நாற்காலிக்காரன். ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டான், முந்நூறு நாற்காலி சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டுமாம்.

"அடடடா! அண்ணே, உங்க கைய கண்ணுல ஒத்திக்கணும்!"

புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? ஒயர்காரர் சிரித்தபடி குனிந்து கைத்தாங்கலைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். கட்டையை எடுத்தார். சாவியைக் கொடுத்தார். வாசல் திரும்பும்போது நாற்காலிக்காரன் இண்டிகேட்டர் போட்டான், அதுவும் ஒழுங்காகவே மினுக்கியது. ட்ரெய்லரை மாட்டியிருந்த இரும்புக் குண்டு வழியாகக் கரண்ட் எப்படியோ தட்டுத் தடுமாறித் திரும்பிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தோன்றவில்லை. "கைத்தாங்கல எடுத்தாச்சா?" என்று கேட்க வேண்டியவள் பக்கத்து ஊரில் அக்காவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம், தூறல். நாற்காலிக்காரன் ட்ரெய்லர் நிறைய நாற்காலியோடு தங்கை வீட்டுத் தெருவில் திரும்பினான். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் தங்கையின் கணவன். அவன் பெயிண்டர், அன்று வேலை இல்லாததால் மச்சானுக்கு நாற்காலி ஏற்ற ஒத்தாசைக்குப் போயிருந்தான். இருவரும் அவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. குறுக்கே ஒரு நாய் ஓடியது. நாற்காலிக்காரன் பிரேக்கை மிதித்தான். தார்ப்பாய் மறைத்ததில் பிக்கப்பின் லைட் பின்னால் தெரியாது. ட்ரெய்லரின் லைட் எரியவே இல்லை. பெயிண்டர் நேராக வந்து மோதினான். வலது கால் முட்டிக்கு மேலும் கீழும் முறிந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து நாற்காலிக்காரன் ஷெட்டுக்கு வந்தான், நடந்தே. பழைய டயர் மேல் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் காலைல அந்த மாட்டுற குண்டுல நெறைய கிரீஸ் வச்சேன். கிறீச் கிறீச்சுன்னு சத்தம் வந்துதுன்னு. அதனாலதான் லைட் போச்சா?"

ஒயர்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. நாற்காலிக்காரனின் தலைக்குப் பின்னால், பலகையில், ஒரு மூடி. அதில் ஒரு புது போல்ட். இரண்டு வாஷர்.

அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. அவர் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"கிரீஸ் கரண்ட விடாது தம்பி. அதுவா இருக்கலாம்."

பொய் என்றும் சொல்ல முடியாது. கிரீஸ் கரண்டை விடாதுதான். பாழாய்ப் போன இந்த உலகத்தில் முழுப் பொய்யைவிட இந்த மாதிரி அரை உண்மைதான் நன்றாக நிற்கிறது. நாற்காலிக்காரன் இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். ஒயர்காரர் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். தடவிய கையை அப்புறம் எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினார் என்பது அவருக்கே தெரியாது.

ஊரிலிருந்து திரும்பிய மனைவி விஷயம் கேட்டதும் முதல் கேள்வியே அதுதான். "கைத்தாங்கல எடுத்தப்புறம் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

அவள் அவரையே ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். அவர் அந்த மூடியை எடுத்துப் பலகையின் ஆகக் கடைசியில், பழைய ரிலேக்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். தூக்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு மனசு வரவில்லை.

அவருடைய சொல் அங்கே தீர்ப்பாகிவிட்டது. "நான்தாம்மா கிரீஸ் வச்சேன், ஒயர்காரர் அண்ணனே சொல்லிட்டாரு" என்று நாற்காலிக்காரன் தானாகவே தங்கையிடம் போய் ஒப்புக்கொண்டான். அன்றோடு அவள் அவனிடம் பேச்சை நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் அவன் வந்தால் எழுந்து வெளியே போனாள். வீட்டு வாசலில் வந்து நின்றால் கதவைச் சாத்தினாள். டாக்டர் வேறு, முட்டி முழுசாக மடங்காது, ஏணி ஏறுவதெல்லாம் இனிமேல் சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டார். ஏணி ஏறாத பெயிண்டர் என்ன பெயிண்டர்? நாற்காலிக்காரன் பிக்கப்பைத் தொடுவதில்லை என்று சபதம் போட்டுவிட்டான். ட்ரெய்லர் தங்கை வீட்டுக்கு எதிர் காலி மனையில் அப்படியே நின்றது.

ஒயர்காரர் சும்மா இருக்க முடியாமல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெயிண்டரைப் பார்க்கப் போனார். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போவார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்து விடுவார். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பெண் டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொரு வாரமும் அதையே சொல்வாள்.

"கூடப் பொறக்காத நீங்க வாராவாரம் வர்றீங்கண்ணா. கூடப் பொறந்தது பண்ணினதப் பாத்தீங்களா?"

முன்பெல்லாம் அவள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள். அண்ணனுக்குக் கொடுத்திருந்த வார்த்தையைப் பிடுங்கி இவரிடம் கொடுத்துவிட்டாள். டீயைக் கட்டிலுக்கு அடியில் நகர்த்தி வைப்பார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே ட்ரெய்லர். அதன் அடியில் வெள்ளை ஒயர் தொங்குவது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். எழுந்து போய்விடலாம் என்று தோன்றும். அதற்குள் பெயிண்டர், "இன்னும் கொஞ்சம் கீழ புடிங்கண்ணே" என்பான்.

மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை நாற்காலிக்காரன் ஷெட்டுக்கு வந்தான். பாதியாக இளைத்திருந்தான்.

"ட்ரெய்லர வித்துடறேன்ணே. வாங்கறவர் வீட்டுக்கு நாளைக்கு இழுத்துட்டுப் போகணும், இந்த ஒரு தடவைதான் வண்டியத் தொடுவேன். ஆனா அவ வாசல்ல போய் நிக்க எனக்குக் கால் வரமாட்டேங்குது. நீங்க கூட வாங்கண்ணே. உங்க மேல அவளுக்கு அவ்வளவு மரியாதை. எனக்காக ரெண்டு வார்த்தை பேசுங்க. மன்னிக்க வேண்டாம், திட்டச் சொல்லுங்க. பேசாம இருக்கா பாருங்க, அதுதான் தாங்கல."

"வர்றேன்" என்றார்.

மறுநாள் காலை பலகையின் கோடியில் கையை விட்டு மூடியை எடுத்தார். திரும்பினால் மனைவி நிற்கிறாள்.

"அது எந்த வண்டியோடது?"

"உனக்குத் தெரியும்."

"தெரியும். உங்க வாயால கேக்கணும்னுதான் மூணு மாசமா இருக்கேன்."

சொன்னார். மாட்டாமல் விட்டதைச் சொன்னார், கைத்தாங்கலை எடுத்த பிறகு பார்க்காததைச் சொன்னார், கிரீஸ் என்று சொன்னதைச் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சொன்னா கடைக்கு ஒருத்தன் வரமாட்டான்" என்றார் அவர்.

"வராட்டி போறான். நீங்க ஞாயித்துக்கிழமை அங்க போய்ட்டு வந்தா ராத்திரி சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வச்சுட்டு எந்திரிக்கிறீங்க. அத என்னால பாக்க முடியல." மூலையைக் காட்டி, "டிரில்ல நேத்தே சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

பிக்கப்பைக் காலி மனைக்குள் பின்னுக்கு விட்டு ட்ரெய்லரை மாட்டினார்கள். சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. பெயிண்டர் ஊன்றுகோலோடு வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்தான். பின்னால் அவள்.

"வாங்கண்ணா" என்றாள் ஒயர்காரரிடம். கூட நின்றவன் அவள் கண்ணுக்கு வெறும் காற்று.

நாற்காலிக்காரன் அவரைக் கெஞ்சும் பார்வை பார்த்தான். ஒயர்காரர் வாசல்படிக்குக் கீழேயே நின்றார். பையிலிருந்து மூடியை எடுத்து, போல்ட் உருளாமல் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இது அந்த ட்ரெய்லர்ல இருந்திருக்க வேண்டிய போல்ட்டும்மா. எர்த் ஒயர முடுக்கற போல்ட். நான் போட மறந்துட்டேன். லைட் எரியாததுக்குக் காரணம் நான். கிரீஸ் இல்ல. போல்ட் இருந்திருந்தா, டப்பாவோட கிரீஸக் கொட்டியிருந்தாலும் எரிஞ்சிருக்கும்."

அவர் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"மறந்தது ஒரு தப்பு. ஆனா தம்பி வந்து கேட்ட அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் கிரீஸ்னு சொன்னேன். அதுக்கு என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க."

பெயிண்டர்தான் முதலில் வாயைத் திறந்தான். "அந்தக் கிரீஸ் வச்ச கைய வெட்டணும்னு மச்சானப் பேசினேன்ணே நான். நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. என் காலப் புடிச்சு விட்டுட்டிருந்தீங்க."

"ஆமா."

"இனிமே தொடாதீங்க."

நாற்காலிக்காரன் அவர் சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தார். பிடித்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் மூடியையே வெறித்துப் பார்த்தபடி நின்றான். "மூணு மாசம்ணே" என்றான். "கண்ண மூடினா அந்தக் குண்டுதான் தெரியும். கிரீஸ் டப்பாவக் கொண்டுபோய் ஆத்துல எறிஞ்சேன். என் முதுகத் தடவிக் குடுத்தீங்களேண்ணே."

"அண்ணா" என்றாள் அவள்.

ஒயர்காரரும் நாற்காலிக்காரனும் நிமிர்ந்தார்கள். அவள் பார்த்தது ஒருவனைத்தான்.

"உள்ள வா. சாப்புடு. எப்படி எளச்சுப்போய் நிக்கற பாரு."

நாற்காலிக்காரன் குழந்தையைப் போல அழுதுகொண்டே படியேறினான். பெயிண்டர் ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு அவன் தோளைப் பிடித்தபடி உள்ளே போனான். அவரை யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அவர் காலி மனைக்குப் போனார். ட்ரெய்லருக்கு அடியில் படுத்தார். வெள்ளை ஒயர், வளையம் பச்சை பூத்து, அவர் விட்ட இடத்திலேயே தொங்கியது. வளையத்தைத் தேய்த்தார். சட்டத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பைப் பளிச்சென்று ஆக்கினார். துளை போட்டார். போல்ட்டை ஏற்றி, வாஷர் வைத்து, மணிக்கட்டு வலிக்க முடுக்கினார். ஐந்து நிமிஷ வேலை. ஐந்தே ஐந்து நிமிஷம். கண்ணில் விழுந்த துருவைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார். வீட்டுக்குள்ளிருந்து அண்ணன் தங்கை குரல் மாறி மாறிக் கேட்டது, திட்டும் அழுகையும் கலந்து.

வெளியே வந்து சாவியைத் திருப்பினார். இனி மிதிக்க ஒரு ஆள் வேண்டும். முட்டுக் கொடுக்க மனையில் கட்டைக்குப் பஞ்சமில்லை, ஒன்றைக் கையில் எடுக்கக்கூட எடுத்தார். அப்புறம் கீழே போட்டார். கூப்பிட வாயும் வரவில்லை. வேலையை முடிக்காமல் போகவும் முடியாமல் பிக்கப்பின் பக்கத்தில் நின்றார்.

வீட்டுக்குள்ளிருந்து தங்கை வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கதவைத் திறந்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவர் ட்ரெய்லருக்குப் பின்னால் போனார்.

இரண்டு லைட்டும் எரிந்தன. பட்டப்பகல் வெயிலிலும் சிவப்பு தெரிந்தது.

"எரியுதா?" முன்னாலிருந்து குரல் வந்தது. அண்ணா இல்லை, சார்கூட இல்லை.

"எரியுதும்மா."

அவள் காலை எடுத்தாள். லைட் அணைந்தது. மறுபடி மிதித்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."